ஆறாம் நாள் ஆணை: கேரளத்தின் முதல் அரசு ஏற்றத்தாழ்வை எங்கே தொட்டது, எங்கே விட்டது

புதிய அரசு பதவியேற்று நூறு நாள் ஆனதும் கணக்குக் கேட்கத் தொடங்கிவிடுகிறோம். விலைவாசி, வேலை, மின்சாரம் பற்றியெல்லாம் நூறு நாளில் ஏதாவது சொல்ல முடியும். பொருளாதார ஏற்றத்தாழ்வைப் பற்றி மட்டும் முடியாது. சொத்து கைமாற ஒரு தலைமுறை பிடிக்கும். அதை அளக்கும் கணக்கெடுப்பு அதற்கும் பின்னால்தான் வரும். ஆனாலும் முதல் சில வாரங்களில் எடுத்த முடிவுகள் பல சமயம் அந்தத் தலைமுறையின் கதையையே தீர்மானித்துவிடுகின்றன. இதை வெறும் ஊகமாகச் சொல்லாமல் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால், முடிவு தெரிந்துவிட்ட ஒரு பழைய அரசை எடுத்து ஆராய்வதே வழி.

இங்கே எடுத்துக்கொள்வது 1957 ஏப்ரல் 5 அன்று திருவனந்தபுரத்தில் பதவியேற்ற ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அரசை. கேரளம் என்ற மாநிலம் பிறந்து ஐந்து மாதங்கள்தான் ஆகியிருந்தன. 126 இடங்களில் கம்யூனிஸ்ட் கட்சி 60 இடங்களை வென்றது. ஐந்து சுயேச்சைகள் ஆதரவு தந்தார்கள். பெரும்பான்மை மயிரிழையில்தான். இருபத்தெட்டு மாதத்துக்குள், 1959 ஜூலை 31 அன்று, மத்திய அரசு அதைக் கலைத்துவிட்டது. அரசியல் வரலாற்றில் அந்தக் கலைப்புதான் பெரிய செய்தி. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, பதவியேற்ற ஆறாம் நாள் வந்த ஓர் அவசரச் சட்டம்.

அன்று நிலம் யார் கையில் இருந்தது

மூன்று வெவ்வேறு ஆட்சிப் பகுதிகளை ஒட்டிச் செய்த மாநிலம் அது. தெற்கே திருவிதாங்கூரில் அரசுக்குச் சொந்தமான பண்டாரப்பாட்ட நிலங்களில் பயிரிட்டவர்களுக்கு 1865-லேயே உரிமை கிடைத்திருந்தது. அங்கே சிறு உடைமையாளர்கள் ஓரளவு பெருகியிருந்தார்கள். கொச்சி நடுவாந்திரம். வடக்கே, சென்னை மாகாணத்தில் இருந்த மலபாரில்தான் நிலைமை மிகக் கடுமை. பிரிட்டிஷ் ஆட்சி அங்கே ஜென்மிகள் எனும் பரம்பரை நிலக்கிழார்களை நிலத்தின் முழு உடைமையாளர்களாக ஏற்றுக்கொண்டிருந்தது. ஜென்மிக்குக் கீழே முன்பணம் கொடுத்து நிலம் பிடித்த காணக்காரர், அவருக்குக் கீழே வெறும் குத்தகைக்குப் பயிரிடும் வெறும்பாட்டக்காரர், அவருக்கும் கீழே கூலிக்கு உழுபவர் என்று ஒரே வயலின் மேல் நான்கு அடுக்கு இருந்தது. 1930-இல் வந்த மலபார் குத்தகைச் சட்டத்தின் பெரும்பயன் இரண்டாம் அடுக்கில் இருந்த காணக்காரரோடு நின்றுபோனது.

வெறும்பாட்டக்காரரின் நிலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் பாட்டம், அதாவது குத்தகை, அளக்க வேண்டும். விளைச்சல் பொய்த்தாலும் அளக்க வேண்டும். குத்தகை புதுப்பிக்கும்போது தனியாகப் பணம் வைக்க வேண்டும். இவ்வளவும் ஒழுங்காகச் செய்தாலும், ஜென்மி அதே நிலத்தை இன்னொருவருக்கு மேல்சார்த்தாக எழுதிக் கொடுக்கலாம். புதிதாக எழுதி வாங்கியவர் வந்து பழைய குடியானவனை வெளியே தள்ளுவார். இருவருக்கும் இடையே நடப்பது வழக்கு. ஜென்மிக்கு அதில் தலைவலியே இல்லை. தென்னம்பிள்ளை நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர், காய்க்கும் பருவத்தில் அந்த மண்ணை விட்டுப் போக வேண்டியிருந்தது இப்படித்தான்.

அதற்கும் அடியில் குடிகிடப்புக்காரர்கள். ஜென்மியின் அல்லது குத்தகைக்காரரின் தோட்ட நிலமான புரையிடத்தில், ஒரு மூலையில் ஓலைக் குடிசை போட்டுக்கொள்ள அனுமதி பெற்றவர்கள். வாடகை பெரும்பாலும் கிடையாது. ஆனால் கூப்பிட்ட நேரத்துக்கு வேலைக்கு வர வேண்டும். பக்கத்து வயலில் இரண்டணா கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று அங்கே போனால், சாயங்காலம் திரும்பும்போது குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லலாம். கூலி பேரம் பேச முடியாததற்கு அந்தக் குடிசையே காரணம். இவர்களில் பெரும்பாலோர் புலையர், பறையர், செறுமர். சாதி வழக்கப்படி இவர்களுக்கு நிலத்தைக் குத்தகைக்குக்கூட விட மாட்டார்கள். பின்னால் வரப்போகும் கதைக்கு இந்த ஒரு செய்தி மிக முக்கியம்.

ஆறாம் நாள்

1957 ஏப்ரல் 11. குடிவெளியேற்ற நடவடிக்கைகளை நிறுத்திவைக்கும் அவசரச் சட்டம் வெளியானது. குத்தகைதாரர், உள்குத்தகைதாரர், குடிகிடப்புக்காரர் யாரையும் எந்தக் காரணம் காட்டியும் வெளியேற்றக் கூடாது. பாட்ட பாக்கி இருந்தாலும் கூடாது. நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்த வெளியேற்ற வழக்குகளும் அப்படியே நின்றன. வருவாய்த் துறை அமைச்சர் கே.ஆர். கௌரி. ஈழவ சமூகத்தில் பிறந்து சட்டம் படித்த பெண், வயது முப்பத்தெட்டுகூட ஆகவில்லை.

இதை ஏன் முதலில் செய்தார்கள் என்பதில்தான் அந்த அரசின் விவேகம் இருக்கிறது. நிலச் சீர்திருத்தம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பினாலே நிலக்கிழார்கள் குத்தகைதாரரை வெளியேற்றத் தொடங்கிவிடுவார்கள். சட்டம் வரும் நாளில் பாதுகாக்கக் குத்தகைதாரரே இருக்க மாட்டார்கள். 1950-களில் இந்தியாவின் பல மாநிலங்களில் நடந்தது இதுவே. உடைமையாளர் சுயசாகுபடி செய்ய விரும்பினால் நிலத்தைத் திரும்பப் பெறலாம் என்று சட்டங்களே வழிவிட்டன. அந்த வழியாக ஏராளமான குடியானவர்கள் துரத்தப்பட்டார்கள். தஞ்சாவூரில் நிலைமை முற்றியபோது ராஜாஜி அரசும் 1952 ஆகஸ்டில் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புக்கு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஆக, நோய் எல்லோருக்கும் தெரிந்ததே. சீர்திருத்த மசோதாவைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்பே கதவைச் சாத்தியது கேரள அரசு.

இன்னொரு காரணமும் உண்டு. அதை யாரும் போதுமான அளவு பேசியதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த ஆணையைச் செயல்படுத்தக் கருவூலத்திலிருந்து பெரிதாக எதுவும் செலவாகவில்லை. நிலத்தை அளக்க வேண்டாம், ஆவணம் தேட வேண்டாம், இழப்பீடு கணக்கிட வேண்டாம், புதிதாக ஆள் எடுக்க வேண்டாம். எழுதிய ஒப்பந்தம் ஒன்றும் கையில் இல்லாத வெறும்பாட்டக்காரர், தான் அங்கே இருக்கிறேன் என்று காட்டினால் போதும். உரிமை கொடுப்பதற்கு அரசு இயந்திரம் ஓட வேண்டும்; வெளியேற்றத்தை நிறுத்த அது சும்மா இருந்தாலே போதும். அனுபவமில்லாத அமைச்சர்கள், மூன்று வெவ்வேறு ஆட்சிமுறைகளில் வேலை பழகிய அதிகாரிகள், விளிம்பில் நிற்கும் பெரும்பான்மை. இப்படிப்பட்ட அரசால் முதல் வாரத்தில் உறுதியாகச் செய்து முடிக்கக்கூடிய மிகப் பெரிய காரியம் இது. அதைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள்.

உழைப்பு பக்கத்திலும் இதே மாதிரி ஓர் அறிவிப்பு வந்தது. நியாயமான தொழில் தகராறுகளில் முதலாளி பக்கம் நின்று போலீஸ் தலையிடாது என்றார் ஈ.எம்.எஸ். சட்டம் ஒழுங்கு குலைந்துவிட்டது என்று எதிர்க்கட்சிகள் கொதித்தன. வயலிலும் தொழிற்சாலையிலும் கூலி பேரம் பேசுபவனுக்கு அது முதுகெலும்பு தந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த வாக்கு முழுமையாகக் காப்பாற்றப்படவில்லை. 1958-இல் சந்தனத்தோப்பில் முந்திரித் தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டது. அதே ஆண்டு மூணாறு தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போதும் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. தொழிலாளர்களின் அரசு என்று சொல்லிக்கொண்ட ஆட்சியில் இது நடந்தது. ஆணைகளின் நல்ல பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு இதைத் தாண்டிப் போவது நேர்மையாகாது.

மசோதாக்களின் நீண்ட பாதை

நில உறவு மசோதா 1957 டிசம்பரில் சட்டமன்றத்துக்கு வந்தது. 1959 ஜூன் 10 அன்று நிறைவேறியது. குத்தகைக்கு நிலையான உரிமை, நியாயப் பாட்டம், பயிரிடுபவர் நிலத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை, உடைமைக்கு உச்சவரம்பு ஆகியவை அதன் சாரம். புரட்சி என்று எதிரிகள் சொன்னார்கள். உண்மையில் திட்டக்குழுவும் காங்கிரஸ் மாநாடுகளும் தீர்மானமாகப் போட்டு வைத்திருந்தவைதான் இவற்றில் பெரும்பகுதி. அவற்றைச் செய்து காட்டுவோம் என்றே ஈ.எம்.எஸ். தொடக்கத்திலிருந்து சொல்லிவந்தார்.

கல்வி மசோதா வேறு திசையில் போனது. கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த அது 1957 செப்டம்பரில் நிறைவேறியது. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசே நேரடியாகச் சம்பளம் கொடுக்கும், நியமனம் அரசுத் தேர்வாணையப் பட்டியலிலிருந்து நடக்கும் என்றது. சம்பளப் பட்டியலில் ஒரு தொகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதைவிடக் குறைவாகக் கையில் கொடுப்பது அன்றைய மேலாளர்கள் பலரின் வழக்கமாக இருந்தது. குடியரசுத் தலைவர் மசோதாவை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். 1958 மே மாதம் நீதிமன்றம் சிறுபான்மையினர் உரிமை சார்ந்த சில பிரிவுகளை ஏற்கவில்லை. திருத்தத்துடன் 1959-இல் ஒப்புதல் கிடைத்தது.

நிலத்தால் பாதிக்கப்பட்டவர்களும் பள்ளிகளால் பாதிக்கப்பட்டவர்களும் ஒரே நேரத்தில் எதிர்த்தால் விளிம்புப் பெரும்பான்மை தாங்காது. கத்தோலிக்கச் சபையும், மன்னத்து பத்மநாபன் தலைமையில் நாயர் சேவைச் சங்கமும், காங்கிரசும், முஸ்லிம் லீக்கும் சேர்ந்து, விமோசன சமரம் (விடுதலைப் போராட்டம்) என்று பெயரிட்ட அரசு எதிர்ப்புப் போராட்டத்தை 1959 ஜூன் 12 அன்று தொடங்கின. மறுநாள் அங்கமாலியில் போலீஸ் சுட்டதில் ஏழு பேர் இறந்தார்கள். ஆந்திராவிலிருந்து டெண்டர் இல்லாமல் அரிசி வாங்கிய விவகாரம் ஏற்கெனவே அரசின் பெயரைக் கெடுத்திருந்தது. இரண்டு பெரிய மசோதாக்களையும் அடுத்தடுத்து எடுத்திருக்கக் கூடாது. நிலத்தை முதலில் முடித்திருக்க வேண்டும் என்பது என் முடிவு. கல்வி மசோதாவின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஜென்மிக்கு ஊரில் சில நூறு பேர் துணை நிற்பார்கள்; பள்ளிக்கூடத்துக்கும் தேவாலயத்துக்கும் துணை நிற்பவர்களோ லட்சக்கணக்கானவர்கள். நிலத்தை இழக்கவிருந்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தை அரசே சேர்த்துக் கொடுத்துவிட்டது.

1960 தேர்தலில் கம்யூனிஸ்டுகளுக்கு 29 இடங்களே கிடைத்தன. ஆனால் வாக்கு விகிதம் சுமார் 35 சதவீதத்திலிருந்து 39-க்கு உயர்ந்தது. எதிரிகள் ஒன்று சேர்ந்ததால்தான் தோற்றார்கள். குடியானவர்கள் அந்த அரசைக் கைவிடவில்லை.

நிலச் சட்டத்தின் பாடு அதற்குப் பிறகும் தீரவில்லை. டெல்லி அதைத் திருப்பி அனுப்பியது. பட்டம் தாணு பிள்ளையின் கூட்டணி அரசு திருத்தி நிறைவேற்றியது. 1961 தொடக்கத்தில் ஒப்புதல் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காசர்கோடு, ஹொஸ்துர்க் வட்டங்களின் ரயத்துவாரி (உடைமையாளர் நேரடியாக அரசுக்கு வரி கட்டும்) நிலங்களைப் பொறுத்தவரை அது செல்லாது என்றது. காரணங்களில் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். தேயிலை, காப்பி, ரப்பர் தோட்டங்களுக்கு உச்சவரம்பில் விலக்குக் கொடுத்துவிட்டு, பாக்கு, மிளகுத் தோட்டங்களுக்குக் கொடுக்காதது பாகுபாடு என்றது நீதிமன்றம். வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தோட்டங்களைத் தொடாமல் விட்ட விலக்கே சட்டத்தைக் கவிழ்க்கவும் உதவியது.

பிறகு 1963-இல் புதிய நிலச் சீர்திருத்தச் சட்டம், 1964-இல், நீதிமன்றம் ரத்து செய்யாமல் சட்டங்களைக் காக்கும் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் அதற்கு இடம், 1969-இல் ஈ.எம்.எஸ்.ஸின் இரண்டாம் அரசு கொண்டுவந்த பெரும் திருத்தம். அது நடைமுறைக்கு வந்தது 1970 ஜனவரி 1 அன்று, அச்சுத மேனன் முதல்வராக இருந்தபோது. அன்று கேரளத்தில் குத்தகை முறையே ஒழிந்தது. முதல் அரசு பதவியேற்றதிலிருந்து கணக்கிட்டால் பன்னிரண்டு ஆண்டு, ஒன்பது மாதம்.

இடையில் காத்தது எது

எதிர்வாதம் ஒன்று தயாராக இருக்கும்: உண்மையான மாற்றம் 1970-இல் நடந்தது என்றால், 1957 அரசுக்கு அதில் என்ன பங்கு? நல்ல கேள்வி. 1959-இல் கலைக்கப்பட்ட அரசு நிலம் எதையும் கைமாற்றவில்லை. அதன் இருபத்தெட்டு மாதத்தில் உடைமைப் புள்ளிவிவரம் அசையவே இல்லை. அந்தக் காலத்தில் ஒருவர் போய் ஏற்றத்தாழ்வை அளந்திருந்தால், தோல்வி என்றே எழுதியிருப்பார்.

ஆனால் 1970-இல் உரிமை பெற்ற குத்தகைதாரர் 1957-இலிருந்து 1970 வரை அந்த நிலத்திலேயே இருந்தார். அதைச் செய்தது அந்த நிறுத்த ஆணை. அவசரச் சட்டம் முறையான சட்டமானது. காலம் முடியும்போதெல்லாம் நீட்டிக்கப்பட்டது. நிலச் சட்டம் நீதிமன்றத்தில் விழுந்தபோது, அப்போதிருந்த கம்யூனிஸ்ட் எதிர்ப்பு அரசே 1962-இல் குத்தகைதாரருக்கும் குடிகிடப்புக்காரருக்கும் தனியாகப் பாதுகாப்புச் சட்டம் போட வேண்டிவந்தது. வெளியேற்றத்தை மீண்டும் அனுமதிக்கும் துணிச்சல் எந்தக் கட்சிக்கும் இல்லை. லட்சக்கணக்கான குடும்பங்கள் இரவில் நிம்மதியாகத் தூங்கப் பழகிவிட்ட பிறகு, அந்தத் தூக்கத்தைக் கெடுப்பவர் வாக்குக் கேட்டு வர முடியாது.

உடைமையைக் கைமாற்றும் சட்டத்தை நீதிமன்றம் தடுக்கலாம், டெல்லி திருப்பி அனுப்பலாம், அடுத்த அரசு நீர்த்துப்போகச் செய்யலாம். இவை மூன்றும் இங்கே நடந்தன. நிறுத்த ஆணை மட்டும் பிழைத்தது.

அந்த ஆணையால் காக்க முடியாததும் ஒன்று உண்டு: உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலம். வெளியேற்றத்தைத் தடுத்த வேகத்தில் கைமாற்றத்தையும் தடுத்திருந்தால், அந்தத் தடை பிழைத்திருந்தால், கதை வேறு மாதிரி போயிருக்கும். 1963 சட்டம், தன் மசோதா வெளியான 1963 செப்டம்பருக்குப் பிந்தைய கைமாற்றங்களைத்தான் செல்லாதவை என்றது. அதிலும் பாகப்பிரிவினைக்கு விலக்கு. அதற்குள் ஆறு ஆண்டு ஓடிவிட்டது. அண்ணன், தம்பி, மருமகன், வேலைக்காரன் பேரில் எல்லாம் நிலம் எழுதப்பட்டாகிவிட்டது. கடைசியில் உபரி நிலமாக எடுத்துப் பங்கிடப்பட்டது ஒரு லட்சம் ஏக்கருக்கும் குறைவு. குத்தகை ஒழிப்பினாலோ பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பட்டா பெற்றன.

பத்து சென்ட்

குடிகிடப்புக்காரருக்கு 1969 திருத்தம் கொடுத்தது குடிசையும் அதைச் சுற்றியுள்ள மனையும். ஊராட்சியில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து, மாநகராட்சியில் மூன்று. விலை சந்தை மதிப்பில் கால் பங்கு. அதிலும் பாதியை அரசு ஏற்றது. 1969 டிசம்பரில் ஆலப்புழையில் கூடிய விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும், ஜனவரி 1 முதல் பாட்டம் அளக்க மாட்டோம், பத்து சென்ட்டை நாங்களே வேலி கட்டிக்கொள்வோம் என்று அறிவித்தார்கள். கட்டவும் செய்தார்கள். தன் குடிசையைச் சுற்றித் தானே முள்வேலி வைத்துக்கொண்ட குடும்பங்கள் அடியாட்களையும் போலீசையும் எதிர்கொண்டன. பல ஊர்களில் உயிர்ப்பலியும் ஆனது.

பத்து சென்ட் என்பது 4,356 சதுர அடி. வீடு, கிணறு, நான்கைந்து தென்னை, ஒரு பலா. பிழைப்புக்கு அது போதாது. ஆனால் கூலி பேசும்போது ‘குடிசையைப் பிரி’ என்று சொல்லும் வாய்ப்பு எதிராளிக்கு இல்லாமல் போனது. கேரளத்தில் விவசாயக் கூலி பிற மாநிலங்களைவிட உயர்ந்து நின்றதற்குத் தொழிற்சங்கங்களைக் காரணமாகச் சொல்வார்கள். சரிதான். ஆனால் வேலைநிறுத்தம் செய்தவன் இரவில் போய்ப் படுக்கத் தனக்கென்று ஓரிடம் இருந்ததால்தான் அந்தச் சங்கங்களால் நிற்க முடிந்தது. 1974-இல் விவசாயத் தொழிலாளர் சட்டமும், 1980-இல் மாதம் 45 ரூபாய் என்று தொடங்கிய விவசாயத் தொழிலாளர் ஓய்வூதியமும் இதன் தொடர்ச்சி.

வறுமைக் கணக்கும் பொருந்தி வருகிறது. திட்டக்குழு மதிப்பீட்டின்படி 1973-74-இல் கேரளத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. நாட்டுச் சராசரி 55. 1993-94-இல் கேரளம் 25-க்கு வந்தது. நாடு 36-இல் நின்றது. வளைகுடாப் பணம் இதில் பெரும்பங்கு வகித்தது என்பது உண்மை. ஆனால் மகனை வளைகுடாவுக்கு அனுப்ப விசாவுக்கும் ஏஜெண்டுக்கும் பணம் வேண்டும். பட்டா உள்ள குடும்பம் நிலத்தில் ஒரு துண்டை விற்றோ ஈடு வைத்தோ அனுப்ப முடிந்தது. மூன்று சென்ட் காலனியில் இருந்தவரால் முடியவில்லை. 1970 அன்று யார் கையில் எவ்வளவு நிலம் வந்தது என்பது, அடுத்த இருபது ஆண்டில் யார் விமானம் ஏறினார்கள் என்பதையும் பெருமளவு முடிவு செய்தது.

பட்டியலுக்கு வெளியே

இங்கேதான் இந்த ஆய்வின் கசப்பான பகுதி வருகிறது. சட்டம் ‘உழுபவனுக்கே நிலம்’ என்ற முழக்கத்தில் பிறந்தது. ஆனால் சட்டத்தின் பார்வையில் உரிமை பெறத் தகுந்தவர் குத்தகைதாரர். வயலில் இறங்கி உழுதவர் அல்ல. குத்தகைதாரர்கள் பெரும்பாலும் நாயர், ஈழவர், மாப்பிள்ளை முஸ்லிம், கிறிஸ்தவர். சேற்றில் நின்றவர்களில் மிகப் பெரும் பகுதி தலித்துகள். சாதி அவர்களைக் குத்தகைதாரராக விடவில்லை. குத்தகைதாரராக இல்லாததால் சட்டம் அவர்களை உடைமையாளராக்கவில்லை. பழைய அநீதியே புதிய நீதிக்கான தகுதிச் சான்றாகிவிட்டது.

ஜென்மிக்கும் குத்தகைதாரருக்கும் இடையிலான இடைவெளி கிட்டத்தட்ட மறைந்தது. இந்தியாவில் வேறு எங்கும் இவ்வளவு முழுமையாக நடக்கவில்லை. குத்தகைதாரராக இருந்து உடைமையாளரானவருக்கும் கூலிக்காரருக்கும் இடையிலான இடைவெளியோ நின்றது, நிலத்தின் விலை ஏற ஏற விரிந்தது. 1972-இல் தொடங்கிய லட்சம் வீடு திட்டம் நிலமற்றவர்களுக்குக் கூரை தந்தது. ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகள், சில சென்ட் மண். இறந்தவரைப் புதைக்க இடமில்லாமல் வீட்டுக்குள் தரையைத் தோண்டிய குடும்பங்களின் செய்தி அக்காலனிகளிலிருந்து இன்றும் அவ்வப்போது வருகிறது. ஆதிவாசிகளுக்கு, பறிபோன நிலத்தை மீட்டுத் தரும் சட்டம் 1975-இல் வந்தும் செயலுக்கு வரவில்லை. 2003-இல் முத்தங்கா, 2007-இல் செங்கறை என்று நிலமற்றவர்கள் கிளம்பியது அந்தப் பாக்கிக்காகத்தான். 2011-12 தேசிய மாதிரி ஆய்வில் நுகர்வு ஏற்றத்தாழ்வு மிகுந்த மாநிலங்களின் வரிசையில் கேரளமும் நின்றதைப் பார்த்துப் பலர் வியந்தார்கள். நில வரலாற்றைப் படித்தவர் வியக்க மாட்டார்.

தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமானது தோட்டங்களுக்குக் கொடுத்த விலக்கு. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தேயிலை மலைகளில் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் கொண்டுபோகப்பட்ட தலித் குடும்பங்கள். அந்த அரசின் பெரும்பான்மை தொங்கிக்கொண்டிருந்த 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸை வெல்ல வைத்தது இவர்களின் வாக்கு. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்த் தமிழில் பாடி வாக்குக் கேட்டது அப்போதுதான். அந்த மக்களின் பெயர் நிலச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் இல்லை. ஏற்றுமதி வருமானம் போய்விடும், தோட்டத்தைத் துண்டாடினால் உற்பத்தி படுத்துவிடும் என்றார்கள். திட்டக்குழுவும் தோட்டங்களுக்கு விலக்கு அளிக்கவே பரிந்துரைத்தது. துண்டாடாமலேயே தொழிலாளிக்கு வீட்டுமனை கொடுத்திருக்கலாம். குடிகிடப்புக்காரருக்குக் கிடைத்த அந்தப் பத்து சென்ட், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பொருந்தாமல் போனதற்கு நியாயமான பொருளாதாரக் காரணம் எதையும் நான் காணவில்லை.

லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஓர் அறை, ஒரு சமையலறை, முன்னால் ஒடுங்கிய திண்ணை. வேலையில் இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். அதனால் வீட்டில் ஒருவராவது கொழுந்து பறிக்கும் வேலையை ஏற்றாக வேண்டும். கல்லூரிக்குப் போன பெண்ணும் திரும்பி வந்து அம்மாவின் கூடையை வாங்கிக்கொள்வது வீட்டைக் காப்பாற்றத்தான். 1957-க்கு முந்தைய குடிகிடப்பு இதிலிருந்து என்ன வேறுபாடு கொண்டிருந்தது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. 1971-இல் கண்ணன் தேவன் மலை நிலங்களை மாநிலம் சட்டம் போட்டு மீட்டது. பிறகு நில வாரியம் சுமார் 57,000 ஏக்கரைத் தோட்டத்துக்கென்று கம்பெனிக்கே திருப்பிக் கொடுத்தது. லயங்கள் அந்த ஏக்கர்களுக்குள்ளேயே இருந்தன.

2015 செப்டம்பரில் மூணாறின் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே சாலையை மறித்தார்கள். பெண்பிள்ளை ஒற்றுமை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அன்று நாள்கூலி 232 ரூபாய். அதே கேரளத்தில் வெளியே கூலி வேலைக்குப் போனால் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்தது. போராட்டத்துக்குப் பிறகு 301 ஆனது. வெளியே போய் அந்தக் கூலியை வாங்கத் தடுத்தது எது என்றால், மறுபடியும் வீடுதான். 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்ததில் 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் கயத்தாறு பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள். ஆபத்தான சரிவில் ஏன் குடியிருந்தார்கள் என்று தொலைக்காட்சியில் கேட்டார்கள். எங்கே குடியிருப்பது என்பதை அவர்கள் ஒருநாளும் தேர்ந்தெடுத்ததில்லை.

தோட்ட நிலங்கள் உண்மையில் யாருடையவை என்ற கேள்வி இப்போது வேறு வடிவில் உயிரோடு இருக்கிறது. பிரிட்டிஷ் கம்பெனிகளிடமிருந்து வந்த பட்டயங்களின் செல்லுபடி குறித்து மாநில அரசு அமைத்த ராஜமாணிக்கம் குழு 2016-இல் அறிக்கை கொடுத்தது. நிலத்தை நேரடியாக எடுக்கும் அரசின் முயற்சியை 2018-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றத்திலும் அரசுக்கு வெற்றி இல்லை. உரிமையைச் சிவில் நீதிமன்றத்தில் நிரூபித்துக்கொள்ள வேண்டும் என்றாகிவிட்டதால், மாநில அரசு வாதியாகவும் கம்பெனிகள் பிரதிவாதிகளாகவும் வழக்குகள் தொடுக்கப்பட்டன. 1957 ஏப்ரல் 11 ஆணை குத்தகைதாரருக்குக் கொடுத்தது போல, அந்த வழக்குகள் முடியும்வரை ஓய்வு பெற்ற தொழிலாளியை லயத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்று ஒரே ஒரு வரி ஆணை போட எந்த அரசுக்கும் பணம் தேவையில்லை.